உடம்பில் ஒட்டுவது

"நல்லாத்தான் சாப்பிடுறான், உடம்புலதான் ஒட்ட மாட்டேங்குது." மெலிந்த பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதைச் சொல்லாத தாய் நம் ஊர்களில் குறைவு. மருத்துவம் நெடுங்காலம் பாடுபட்டுக் கண்டுகொண்ட விஷயத்தில் பாதி இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. வாய்க்குள் போவது வேறு, உடம்பில் சேர்வது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை நடந்தாக வேண்டும். அது நடக்காவிட்டால் தட்டு நிறையச் சோறு போட்டும் பயனில்லை.

பள்ளிக்கூடத்து உயிரியல் பாடம் அந்த வேலைக்கு உட்கிரகித்தல் என்று பெயர் வைத்திருக்கிறது. உட்கொள்ளுதல், செரித்தல், உட்கிரகித்தல், தன்மயமாதல், கழிவு நீக்கம் என்று ஐந்தையும் வரிசை மாறாமல் ஒப்பித்துத் தேறியவர்கள் நாம். ஆங்கிலத்தில் அப்ஸார்ப்ஷன் என்கிறார்கள். அதன் லத்தீன் வேருக்கு உறிஞ்சுவது, விழுங்கிவிடுவது என்று பொருள். மையைக் குடிக்கும் தாளுக்கும், வாசிப்பில் மூழ்கிக் கிடப்பவருக்கும், சின்னக் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொள்ளும் பெரிய கம்பெனிக்கும் அவர்களிடம் அந்த ஒரு சொல்தான். நம் தன்மயமாதலும் அப்படியே கச்சேரி விமர்சனத்திலும் வருகிறது, குடல் பற்றிய பாடத்திலும் வருகிறது. இந்தச் சொல் புழங்கும் இடங்களிலெல்லாம் குடல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே அதை நம்பிக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உயிர் இருந்திருக்கிறது, இன்னும் இருக்கிறது.

உணவுப்பாதை என்பது வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும், இரண்டு முனையும் திறந்த ஒரு நீண்ட குழாய். அந்தக் குழாய்க்குள் கிடக்கும் பொருள், கறாராகப் பார்த்தால், இன்னும் உடம்புக்கு வெளியேதான் இருக்கிறது. குடித்த தண்ணீர் குடற்சுவரைத் தாண்டி இரத்தத்தில் கலந்த பிறகுதான் நம்முடையதாகிறது. ஒரு நாளில் உணவோடும் தனியாகவும் நாம் குடிப்பது சுமார் 2 லிட்டர். எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே அந்தக் குழாய்க்குள் ஊற்றுவது இன்னும் 7 லிட்டர் வரும். இந்த 9 லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது 100, 200 மில்லிலிட்டர்தான். மீதி அத்தனையையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பெரும்பகுதி வேலை சிறுகுடலில் முடிந்துவிடும்.

சிறுகுடலின் உட்சுவரெங்கும் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருப்பவை குடலுறிஞ்சிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் உயரம் இருந்தாலே அதிகம். அவற்றைப் போர்த்தியிருக்கும் ஒவ்வொரு செல்லின் தலையிலும் இன்னும் நுண்ணிய ஆயிரக்கணக்கான விரல்கள். மொத்தப் பரப்பையும் விரித்துப் போட்டால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பழைய பாடநூல்கள் எழுதின. 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் திரும்ப அளந்து, உணவுப்பாதை முழுவதற்கும் சேர்த்தே சுமார் 32 சதுர மீட்டர்தான் என்றார்கள். அதுவே பாதி பேட்மின்டன் களம் அளவு. அந்தப் பரப்பு முழுவதிலும் ஓயாமல் நடக்கும் கொடுக்கல் வாங்கல்தான் உட்கிரகித்தல்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் தலைகீழானால் என்ன ஆகும் என்பதை வங்காளம் உலகுக்குக் காட்டியது. நம்மவர்கள் வாந்திபேதி என்று பெயர் சொல்லவே அஞ்சிய காலரா அது. கஞ்சித்தண்ணீர் நிறத்தில் மணிக்கு ஒரு லிட்டர் வரை வெளியேறும். காலையில் நடமாடியவர் மாலையில் கண் குழிந்து, குரல் அடைத்து, விரல் நுனித் தோல் சுருங்கிக் கிடப்பார். இரத்தம் கெட்டியாகி, நாடி நின்றுபோகும். கிருமி குடலை அரித்துத் தின்றுவிடுகிறது என்றே மருத்துவர்கள் நெடுநாள் நினைத்தார்கள். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற நோய்க்கூற்று அறிஞர், முயலின் குடலில் ஒரு துண்டைக் கட்டி, கிருமிகளை முழுக்க வடிகட்டி நீக்கிய திரவத்தை அதற்குள் செலுத்திப் பார்த்தார். கிருமியே இல்லாமல் குடல் நீரால் உப்பியது. கிருமி கக்கும் நஞ்சுதான் காரணம் என்று அதில் நிரூபணமானது. குடற்சுவருக்குச் சேதமில்லை. குளோரைடு உப்பை வெளியே விடும் வழியை அந்த நஞ்சு மூடவிடாமல் திறந்து வைக்கிறது, உப்பின் பின்னாலேயே தண்ணீர் கொட்டுகிறது. இவ்வளவும் பின்னால் ஒவ்வொன்றாகத் தெளிவானது.

அப்படியானால் நோயாளிக்குத் தண்ணீர் கொடுத்தால் போதாதா? கொடுத்துப் பார்த்தார்கள். குடித்தது குடித்தபடி வெளியே வந்தது. உப்பு கலந்து கொடுத்தாலும் அதே கதை. பேதி கண்டவருக்கு வாய்வழியாக எதையும் கொடுக்கக் கூடாது, வயிற்றுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இதனால் வேரூன்றியது. ஊசி வழியாக நாளத்தில் உப்புநீர் ஏற்றுவதுதான் ஒரே வழி என்றானது. 1832இலேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லட்டா என்ற மருத்துவர் அதைச் செய்து காட்டியிருந்தார். ஆனால் புட்டிக்கும் ஊசிக்கும் காசு வேண்டும், நாளத்தைப் பிடிக்கத் தெரிந்த கை வேண்டும். வாந்திபேதி வருகிற இடத்தில் இவை எதுவுமே இருந்ததில்லை.

விடை ஒரு சாதாரணப் பொருளில் இருந்தது. 1960 ஆகஸ்டில் பிராகில் நடந்த அறிவியல் கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஒரு கருத்தை முன்வைத்தார். குடற்செல்லுக்குள் சர்க்கரை தனியாக நுழைவதில்லை, சோடியத்தைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் நுழைகிறது என்றார். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம் ஒரு குளுக்கோஸையும் இரண்டு சோடியத்தையும் சேர்ந்தாற்போல் பிடித்து உள்ளே விடுகிறது. ஒன்று மட்டும் வந்தால் விடாது. வங்கி லாக்கரில் வாடிக்கையாளர் சாவியும் மேலாளர் சாவியும் சேர்ந்து போட்டால்தான் திறக்கும் என்பது போல. இரண்டும் உள்ளே போனதும் தண்ணீர் தானாகப் பின்தொடர்கிறது. காலரா நஞ்சு குடலில் எத்தனையோ வேலைகளைக் குலைக்கிறது. இந்த ஒரு வாசலை மட்டும் அதனால் தொட முடியவில்லை. நோய் உச்சத்தில் இருக்கும்போதும், கொட்டிக்கொண்டிருக்கும் அதே குடலில், அந்த வாசல் வேலை செய்கிறது. மனித உடம்பைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட ஆறுதலான செய்தி எனக்குக் கிடைத்ததில்லை.

கிரேன் காரணம் சொல்வதற்கு முன்பே காரியத்தைச் செய்து பார்த்தவர் உண்டு. 1953இல் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற கல்கத்தா மருத்துவர் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, ஒருவரையும் இழக்காமல் காப்பாற்றியதாக லான்செட் இதழில் எழுதினார். அவருடைய சிகிச்சையில் ஒரு பச்சிலைச் சாறும் இருந்தது. நம் வீட்டுத் தொட்டியில் வளர்கிற கற்பூரவல்லிதான் அது. கட்டுரை அச்சானது, அதோடு சரி. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் அளந்த கணக்கு இல்லை என்று மேலை மருத்துவ உலகம் அதை ஒதுக்கியது. கணக்கு கேட்டதில் நியாயம் இருக்கிறது. கேட்டவர்கள் தாங்களாவது உடனே அளந்து பார்த்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். சம்புநாத் டேயின் ஆய்வும் அது பெற வேண்டிய கவனத்தைப் பல ஆண்டுகள் பெறவில்லை. பிற்காலத்தில் நோபல் அறிஞர் ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தார். பரிசு வரவில்லை, 1985இல் டே காலமானார்.

1962இல் மணிலாவில் ராபர்ட் பிலிப்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை மருத்துவர் குளுக்கோஸோடு சேர்ந்த உப்புநீரைக் காலரா நோயாளியின் குடல் எடுத்துக்கொள்வதைக் கண்டார். ஆர்வத்தில் அடுத்து நடத்திய சோதனையில் கரைசலின் அடர்த்தி கூடிவிட்டது, சில நோயாளிகள் இறந்தார்கள். அதன் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவே தயங்கினார். அளவு தவறினால் மருந்தே எதிரியாகும் என்பதற்கு இது சான்று. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் சரியான அளவை வைத்து, வெளியேறும் நீரை அளந்து அதே அளவுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். ஊசிவழி நீரின் தேவை பெருமளவு குறைந்தது. இருவரும் அப்போது முப்பது வயதைத் தொடாதவர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மருத்துவமனைக்கு வெளியே, படிப்பறியாதவர் கையில் இதைக் கொடுக்கலாம் என்று சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை. அதைச் சொல்லவைத்தது 1971ஆம் ஆண்டுப் போர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ்ன் பகுதியில் குவிந்தார்கள், கூடவே காலரா வந்தது. மருத்துவமனையில் கட்டில் நிறைந்து, நோயாளிகள் தரையில் கழிவுக்கும் வாந்திக்கும் நடுவே கிடந்தார்கள். மண்டியிட்டுத்தான் ஊசி போட முடியும். அதற்கும் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே பொறுப்பிலிருந்த மருத்துவர் திலீப் மகலனோபிஸ் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கல்கத்தாவில் பொட்டலம் கட்டினார்கள். முகாமில் அதைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளியின் தாயிடமும் தங்கையிடமும் கணவனிடமும் குவளையைக் கொடுத்து, ஊட்டச் சொன்னார்கள். அதுவரை அங்கே 30 விழுக்காடு வரை இருந்த இறப்பு, கரைசல் குடித்தவர்களிடம் 3.6 விழுக்காடாக இறங்கியது. முகாமுக்கு நேரில் வந்து பார்த்த திமன் பரூவா உலக சுகாதார நிறுவனத்தில் இதற்காக வாதாடினார். 1978இல் லான்செட் இதழின் தலையங்கம், இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலனோபிஸ் 2022இல் மறைந்தார். மறுஆண்டு, அவர் இல்லாதபோது, பத்ம விபூஷண் அறிவித்தார்கள்.

பொட்டலம் தயார், சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளே விடும் வாசலும் தெரியும். ஆனால் கிராமத்து வீட்டில் நள்ளிரவில் பிள்ளைக்குப் பேதியாகும்போது அந்த அறிவு தாயிடம் இருக்க வேண்டுமே. 1980 தொடங்கிப் பத்தாண்டுகளில் வங்கதேசத்தின் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு செய்த காரியத்தை இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பொட்டலத்துக்குக் காத்திராமல், வீட்டிலேயே மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று கரைக்கச் சொல்லித் தர, பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். ஒரு கோடியே 20 லட்சம் வீடுகளுக்கும் மேல். எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை மட்டும் பார்த்து அவர்களுக்குக் கூலி தரவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய், அந்தத் தாய் கற்றதில் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள், கரைசலைச் சரியாகக் கலக்கிறாளா என்று சோதிப்பார். அவள் வாங்கும் தரத்தைப் பொறுத்து ஊழியருக்குக் கூலி கூடும், குறையும். சொன்னேன் என்பதற்குக் காசில்லை, அவள் மனதில் தங்கியது என்பதற்குத்தான் காசு. இன்னொன்றும் நடந்தது. சொல்லித் தரும் ஊழியர்களே தங்கள் வீட்டில் பேதி கண்டால் கரைசலைக் குடிப்பதில்லை என்று தெரியவந்தது. அவர்களை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப்போய், உப்பும் இனிப்பும் குடலில் எப்படிச் சேர்கின்றன என்று விளக்கினார்கள். அதன் பிறகு அவர்கள் தாய்மார் எதிரிலேயே கரைசலைக் கலந்து தாங்கள் முதலில் குடித்துக் காட்டினார்கள். நம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் இதைப் பாடமாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பேதி நின்ற பிறகும் ஒட்டாமல் போவது ஒன்று உண்டு. அந்தக் கதை நம் வேலூரில் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற நோய் கொள்ளைநோயாகப் பரவியது. தீராத கழிச்சல், நாக்கில் புண், சோகை. சாப்பிடச் சாப்பிட மெலிந்து ஆயிரக்கணக்கானோர் நலிந்தார்கள். குடல் சத்துகளை எடுத்துக்கொள்ள மறுப்பதுதான் நோய். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாதனும் கிராமம் கிராமமாகப் போய் அதை ஆராய்ந்தார்கள். காரணக் கிருமி இன்றுவரை உறுதிப்படவில்லை. ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு செய்தி வெளிப்பட்டது. நோயில்லாத சாதாரணத் தென்னிந்தியரின் சிறுகுடலில்கூட உறிஞ்சிகள் மேலை நாட்டாரிடம் இருப்பது போல மெல்லிய விரல்களாக இல்லை. குட்டையாக, இலை வடிவிலும் மேடு மேடாகவும் இருந்தன. இது பிறவியிலேயே வந்த வேறுபாடோ என்ற சந்தேகத்தை வேறொரு ஆய்வு தீர்த்துவைத்தது. அமெரிக்கத் தன்னார்வத் தொண்டர்கள் கிழக்குப் பாகிஸ்தானில் தங்கியபோது அவர்களுடைய குடலும் இப்படி மாறியது, ஊர் திரும்பிய பிறகு பழையபடி சரியானது. ஊரின் தண்ணீரும் மண்ணும் ஓயாமல் உள்ளே அனுப்பும் கிருமிகளோடு போராடிப் போராடியே குடலுறிஞ்சிகள் தேய்கின்றன.

இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் தாயின் புகாருக்கு இதில் ஒரு விடை இருக்கிறது. அவள் ஊட்டுவதில் குறையில்லை. சத்துணவில் முட்டை கொடுப்பதிலும் குறையில்லை. வாங்கிச் சேர்க்க வேண்டிய இடம் தேய்ந்திருக்கிறது. சுத்தமான குடிநீர்க் குழாயும் மூடிய சாக்கடையும் கூடச் சத்துணவுத் திட்டத்தின் பகுதிகள்தாம். ஒன்றையும் மறைக்காமல் சொன்னால், எளிய கழிப்பறையும் கைகழுவும் வசதியும் கொடுத்து வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடத்திய பெரிய சோதனைகளில், 2018இல் வந்த முடிவுப்படி, குழந்தைகளின் உயரம் கூடவில்லை. பேருக்குச் செய்கிற சுகாதாரம் போதாது, முழுமையாகச் செய்ய வேண்டும் என்றே நான் அதைப் புரிந்துகொள்கிறேன்.

வேலூரிலிருந்து ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2000ஆம் ஆண்டில் ராமகிருஷ்ணா தலைமையிலான குழு, எளிதில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலோடு சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தது. சிறுகுடலில் செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிர்களால் புளித்து, அதில் உண்டாகும் அமிலங்கள் பெருங்குடலையும் உப்பும் நீரும் எடுத்துக்கொள்ளத் தூண்டின. பேதி சீக்கிரம் நின்றது. அரிசிமாவைக் கொண்டு செய்த கரைசல்களும் காலராவில் நல்ல பலன் தந்திருக்கின்றன. மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால், ஒரேயடியாகச் சர்க்கரை சேர்ந்து குடலுக்குள் நீரை இழுப்பதில்லை. பேதிக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுத்த பாட்டிமார்கள் சோடியம் என்ற பெயரை அறியாமலே சரியான பக்கத்தில் நின்றிருக்கிறார்கள்.

1980களின் தொடக்கத்தில் உலகில் ஆண்டுக்குச் சுமார் 46 லட்சம் குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறந்தார்கள் என்பது அன்றைய மதிப்பீடு. இன்று அது 5 லட்சத்துக்கும் கீழே. தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் இதில் பங்கு கேட்கும். ஆனாலும் பெரும்பங்கு இந்தக் கரைசலுக்கு உண்டு. இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, பேதி கண்ட குழந்தைகளில் பத்தில் ஆறு பேருக்குத்தான் ஓ.ஆர்.எஸ். எனப்படும் இந்தக் கரைசல் கிடைத்தது. மற்ற நால்வருக்கு ஏன் கிடைக்கவில்லை? கர்நாடகத்திலும் பிகாரிலும் நடத்தி 2024இல் வெளியான ஆய்வு, மருந்து இருப்பில் இல்லாததைவிடப் பெரிய காரணம் வேறு என்றது. மருத்துவம் பார்ப்பவருக்கு அது நல்ல மருந்து என்று தெரியும். வந்தவர்கள் ஓ.ஆர்.எஸ்.ஸை விரும்பமாட்டார்கள் என்று அவரே நினைத்துக்கொண்டு, வேறெதையோ எழுதிக் கொடுக்கிறார். நாமும் மருத்துவமனைக்குப் போனதும் "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திடுங்க டாக்டர்" என்றுதானே கேட்கிறோம். வெறும் உப்புச் சர்க்கரைத் தண்ணீருக்கா ஃபீஸ் கொடுத்தோம் என்ற மனக்குறை நம்மிடம் இருக்கிறது. அவர் அதைப் படித்து வைத்திருக்கிறார்.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடையில் பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். அல்ல. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அதிகச் சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். அந்த எழுத்துகளைப் பானங்களின் பெயரில் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. உலக சுகாதார நிறுவனச் சூத்திரம் என்று அச்சிட்ட பொட்டலத்தைப் பார்த்து வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் அதைக் காசில்லாமல் தருகிறார்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதிப் பொட்டலம், அரை டம்ளர் என்று கண்ணளவில் கலக்க வேண்டாம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். கைக்குழந்தைக்கு ஓரிரு நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் போதும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகத் தொடருங்கள். தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்த வேண்டாம். கூடவே துத்தநாக மாத்திரையைக் கேட்டு வாங்கி, பேதி நின்றாலும் 14 நாளும் கொடுங்கள். அழும்போது கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி அமுங்கியிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் திரும்புகிறது, பிள்ளை துவண்டு கிடக்கிறது என்றால் மட்டும் வீட்டில் காத்திருக்காதீர்கள். போகும் வழியெல்லாம் ஊட்டிக்கொண்டே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.